கால்வலிக்கு 20 சிட்டிங் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் ஓடுகிறவர்கள், அதிலும் ஜனவரி மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். ஓட்டக்காரர்களுக்கென்றே நடத்துவதாகச் சொல்லும் ஒரு பிசியோ மையத்தில் 32,500 ரூபாய் கட்டிவிட்டு, எலும்பில் கீறலோடு மூன்று வாரம் ஓடியிருக்கிறேன்.

என் பக்கமும் தவறு உண்டு. வாரம் 20 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள், 21.1 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த உற்சாகத்தில் நவம்பரில் அதை 38 ஆக்கினேன். ஒருநாள் காமராஜர் சாலையில் கலங்கரை விளக்கம் வரை ஓடித் திரும்பும்போது, வலது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் உள்பக்க ஓரத்தில் வலி எடுத்தது. எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றும் இல்லை என்று வந்தது. அதன் பிறகுதான் அந்த மையத்துக்குப் போனேன்.

டிரெட்மில்லில் பத்து நிமிடம் ஓடவிட்டு வீடியோ எடுத்தார்கள். "உங்களுக்குத் தட்டைப் பாதம் மேடம், அதனால்தான் வலி. எக்ஸ்ரே கிளியரா இருக்கு, ஓடிக்கிட்டே சரி பண்ணிடலாம்" என்றார் அங்கிருந்தவர். 20 சிட்டிங்குக்கு 24,000, ஷூவுக்குள் வைக்கும் இன்சோலுக்கு 8,500. அன்றே கட்டினால்தான் இந்த விலை என்றார், கட்டிவிட்டேன். வலிக்கும் இடத்தை அன்று யாரும் ஒரு விரலால்கூட அழுத்திப் பார்க்கவில்லை.

அப்புறம் தினமும் மெஷின்தான். அல்ட்ராசவுண்ட் கருவி அந்த ஒரு புள்ளியில் பட்டாலே துடித்துப்போவேன். சொன்னால் அளவைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். ஒன்பதாவது சிட்டிங் சமயத்தில் ராத்திரி படுத்திருக்கும்போதே வலிக்க ஆரம்பித்தது. அதைச் சொன்னதற்கு, "ஆறுற வலி மேடம்" என்றார்கள்.

அம்மா கட்டாயப்படுத்தி எலும்பு மருத்துவரிடம் அழைத்துப்போனார். அவர் கட்டைவிரலால் எலும்பை மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்து ஒரே இடத்தில் அழுத்தினார், கத்திவிட்டேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, சாப்பாட்டைக் குறைத்தேனா, வைட்டமின் டி பார்த்திருக்கிறேனா என்று கேட்டார். இதில் ஒன்றையும் மையத்தில் கேட்டதில்லை. எம்ஆர்ஐயில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் தெரிந்தது, அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் வரும் மெல்லிய கீறல்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். எலும்பின் ஓரமாக நீளவாக்கில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது ஷின் ஸ்ப்ளின்ட்ஸ், அதாவது கீறல் இல்லாமல் முன்கால் எலும்பின் ஓரத்தில் வரும் வலி. ஒரு விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒரே புள்ளியில் வலித்தால், ஓய்வில் இருக்கும்போதும் ராத்திரியிலும் வலித்தால், ஓட்டத்தை அன்றே நிறுத்த வேண்டும். இந்தக் கீறல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து ஓடச் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

எட்டு வாரம் ஓட்டம் கூடாது என்றார். மாரத்தான் அன்று காலை வீட்டை விட்டு வெளியே வரவே மனம் இல்லை. மூன்று மாதம் நாலரை மணிக்கு எழுந்து ஓடிய காலம் முழுக்கக் கண்முன் வந்தது.

மீதி 11 சிட்டிங்குக்கான பணத்தைக் கேட்டேன். பேக்கேஜ் பணம் திரும்பக் கிடையாது, வேண்டுமானால் தோழிக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். என் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான். முறையான பில் கேட்டதற்கும் தரவில்லை. பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். அவர்கள் தீர்ப்பு சொல்வதில்லை, இரு தரப்புக்கும் நடுவில் பேசுவார்கள். ஐந்து வாரத்தில் 13,200 ரூபாய் வந்தது. இன்சோல் பணத்துக்கும் முடிந்த சிட்டிங்குகளுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.

இப்போது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பெசன்ட் நகர் கடற்கரையில் மறுபடி தொடங்கியிருக்கிறேன். உங்களில் யாராவது இதே மாதிரி ஒரு பேக்கேஜின் நடுவில் இருந்தால், மீதி சிட்டிங் எத்தனை என்பதை இன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் அது இல்லாததால்தான் ஐந்து வாரம் இழுத்தது.