அம்பாசடர் ரீபோர்: 20-ஆ, 40-ஆ, 60-ஆ, ஸ்லீவா?

பழைய அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினைப் பிரித்து, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கை ரீபோர் செய்ய, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் பெரிதாகத் துளைத்துப் பெரிய பிஸ்டன் போட, போரிங் பட்டறையில் இறக்கி வைத்ததும் வரும் முதல் கேள்வி: "எந்த சைஸ் போடறது?" என் முதல் வண்டிக்கு நான் சொன்ன பதில், "நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்கண்ணா." 40 போட்டுக் கொடுத்தார்கள். ஏன் 40 என்று பின்னால் விசாரித்தபோது தெரிந்த காரணம், அன்றைக்குக் கையிருப்பில் இருந்தது 40 பிஸ்டன் செட் மட்டும்தான். சிலிண்டரை யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

சீவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்குகளை உட்கார்ந்து போட்டேன்.

இந்த 1489 சிசி இன்ஜின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் பி சீரீஸ் குடும்பம். போர் (சிலிண்டரின் விட்டம்) 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மி.மீ. 20 சைஸ் என்றால் விட்டத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு கூடுதல், அதாவது அரை மில்லிமீட்டர். 40 என்றால் ஒரு மி.மீ., 60 என்றால் ஒன்றரை. சிசி கணக்கில் பார்த்தால் 20 போட்டால் 1510, 40-க்கு 1531, 60-க்கு 1552. கடைசி வரை போனாலும் கூடுவது 63 சிசி, நாலு சதவீதம் சொச்சம். "பெரிய போர் போட்டா பிக்கப் ஏறும்" என்பார்கள். ரீபோர் முடிந்த வண்டி ஜிவ்வென்று கிளம்புவது உண்மைதான். ஆனால் அது செத்துக் கிடந்த கம்ப்ரெஷன் திரும்பி வந்ததால். 20-இலும் அதே ஜிவ்தான். ஆக, பவரை இந்த ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடலாம்.

முதலில் மலிவான வழி, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மட்டும் மாற்றுவது. சிலிண்டர் மேலிருந்து கீழ் வரை ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் உச்சிக்கு வந்து நின்று திரும்பும் இடத்தில், முதல் ரிங் உரசும் உயரத்தில்தான் தேய்மானம் அதிகம். அங்கே சூடும் அழுத்தமும் உச்சம், எண்ணெய்ப் படலமோ மிக மெல்லியது. கீழே கிட்டத்தட்ட புதுசாகவே இருக்கும். மேலே விட்டம் 0.1 மி.மீ. கூடியிருந்தால், ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் அங்கே 0.3 மி.மீ. கூடுதலாகத் திறக்கும், வட்டத்தின் சுற்றளவுக் கணக்கு அப்படி. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் புது ரிங் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, ரிங் தொடாத உச்சியில் ஒரு விளிம்பு மிஞ்சியிருக்கும். அதை எடுக்காமல் மாட்டினால், கூரான முனையோடு வரும் புது ரிங் அதில் முட்டி உடையவும் கூடும். தேய்மானம் 0.1-க்குள் என்றால் ஹோன் போட்டு (சாணைக்கல்லால் சிலிண்டர் சுவரை லேசாகத் தேய்த்து) ரிங் மாற்றலாம், நானும் செய்திருக்கிறேன். 0.2-ஐத் தொட்டுவிட்டால் இது விற்கப்போகிற வண்டிக்குச் செய்யும் வேலை.

அப்புறம் 10 சைஸ். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: தேய்ந்தது 0.15 மி.மீ., 10 சைஸ் என்பது 0.25 மி.மீ., போதாதா? பல நேரம் போதாது. பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து அழுத்தும் பக்கத்திலேயே அந்த 0.15-இல் பெரும்பங்கு தேய்ந்திருக்கும். பழைய மையத்தை விடாமல் துளைக்க வேண்டுமானால், ஒரு பக்கம் 0.15 எடுத்தால் எதிர்ப்பக்கமும் 0.15 எடுக்க வேண்டும். மொத்தம் 0.3, 10 சைஸைத் தாண்டியாயிற்று. தேய்ந்த இடத்தையே மையமாகப் பிடித்தால் 10-இல் அடக்கிவிடலாம். ஆனால் போர், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்கின் நடுக்கோட்டிலிருந்து விலகி உட்காரும். டயல் கேஜை மேலே, நடுவே, கீழே என மூன்று உயரத்தில், கிராங்க்குக்கு நேராகவும் குறுக்காகவும் விட்டு அளந்தால், பத்து நிமிடத்தில் இது தெரிந்துவிடும். அப்படி அளந்தவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் 20.

சரி, 20-ஆ 40-ஆ? என் கட்சி இதில் வெளிப்படை: 20-இல் நாலு சிலிண்டரும் சுத்தமானால் 40-ஐ நினைக்கவே கூடாது. 40-இல் பிளாக் பலவீனமாகிவிடும் என்று பயமுறுத்த வரவில்லை. ஒரு பக்கத்துக்குப் பார்த்தால் வித்தியாசம் கால் மில்லிமீட்டர்தான். விஷயம், மிச்சமிருக்கும் வாய்ப்புகள். டாக்ஸிக்கு ஓடிய காலத்தில் ரீபோர் என்பது லட்சம் கிலோமீட்டர் கணக்கில் பார்க்கிற சமாச்சாரம். இன்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டியை ஓட்டம் கொல்வதில்லை, நிறுத்திவைப்பதுதான் கொல்கிறது. ஹெட் கேஸ்கெட் கசிந்து ஒரு சிலிண்டரில் தண்ணீர் இறங்கி, நாலு மாதம் கவனிக்காமல் கிடந்தால் போதும், ரிங் நின்ற இடத்தில் துரு குழி பறித்துவிடும். அன்றைக்கு 20-இல் இருப்பவருக்கு 40 காத்திருக்கும். எனக்கு அது இல்லாமல் போயிற்று. ஒரு சிலிண்டரில்தான் குழி என்றாலும், எடையும் சிசியும் ஒத்திருக்க நாலையும் ஒரே சைஸுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம்.

60-க்கு வந்தால் கேள்வி மாறிவிடுகிறது. இங்கே பிளாக்கின் சுவர் தடிமனைப் பார்த்தாக வேண்டும். வார்ப்பின்போது உள்ளே வைத்த மணல் கரு சற்று நகர்ந்திருந்தால், ஒரு பக்கச் சுவர் தடித்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதோடு நம் ஊர் வண்டிகளுக்குக் கூலன்ட் என்பது நேற்று வந்த பழக்கம். வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய பிளாக்கில், பின்னால் இருக்கும் நாலாவது சிலிண்டரைச் சுற்றித் துருச்சேறு கெட்டியாக அடைந்திருக்கும். அங்கே சுவர் வெளிப்பக்கமாகவும் கரைந்திருக்கலாம். அல்ட்ராசோனிக் கருவி வைத்துச் சுற்றிலும் தடிமன் பார்க்காமல் 60 போடுவது சூதாட்டம். அழுத்தம் வாங்கும் பக்கத்தில் 3 மி.மீ.க்குக் கீழே காட்டினால் எனக்குத் தூக்கம் வராது. உடனே வெடித்துவிடும் என்பதல்ல. மெல்லிய சுவர் சூட்டிலும் அழுத்தத்திலும் வளையும், ரிங் சரியாக ஒட்டாது, புது இன்ஜின் எண்ணெய் குடிக்கும்.

அடுத்தது ஸ்லீவ், அதாவது பெரிதாகத் துளைத்த சிலிண்டருக்குள் இறுக்கி இறக்கும் குழாய். அந்தப் பேச்சு வந்தாலே "அது செத்த பிளாக்குக்கு" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஜாகுவார் எக்ஸ்.கே. இன்ஜினை நினைவுபடுத்தலாம். 83 மி.மீ. போர் கொண்ட 3.4 லிட்டரை 87-க்குப் பெரிதாக்கி 3.8 ஆக்கியபோது, கம்பெனியே உலர் ஸ்லீவ் (கூலன்ட் தண்ணீர் தொடாத ஸ்லீவ்) போட்டுத்தான் விற்றது. ஸ்லீவின் லாபம், நாம் மறுபடி ஸ்டாண்டர்டு பிஸ்டனுக்குத் திரும்புகிறோம். செலவு ரீபோரைவிட அதிகம், பட்டறையும் கைதேர்ந்ததாக இருக்க வேண்டும். தளர்வாக இறங்கிய ஸ்லீவ் நகரும், அளவுக்கு மீறி இறுக்கி அடித்தால் பிளாக்கே விரிசல் விடும்.

பலரும் கவனிக்காத ஒன்று: 2 மி.மீ. சுவருள்ள ஸ்லீவ் இறங்க, பிளாக்கை 77 மி.மீ. வரை துளைத்தாக வேண்டும். 60 சைஸோ 74.55-தான். எனவே 60 போட்டுவிட்டால் ஸ்லீவுக்கு வழியில்லாமல் போகும் என்பது தப்பு. ஸ்லீவுக்கான துளை எப்படியும் அதைவிடப் பெரியது. சுவர் ஏற்கெனவே மெலிந்த பிளாக்குக்கு ஸ்லீவும் கைகொடுக்காது என்பதும் இதே கணக்குதான். இரண்டுக்கும் முன்னால் தடிமனைப் பார்க்கத்தான் வேண்டும்.

எந்த சைஸானாலும் பிஸ்டனை முதலில் வாங்கி, பெட்டியோடு பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது. நாலு பிஸ்டனுக்குள்ளேயே இம்மி வித்தியாசம் இருக்கும். ஒவ்வொன்றையும் அளந்து அதனதன் சிலிண்டருக்கு எண் போட்டு, கடைசி 0.05 மி.மீ.யை ஹோனிங்குக்கு விட்டுத் துளைக்கச் சொல்ல வேண்டும்.

என் பழைய 40 பிளாக் இப்போது மறுபடி பட்டறையில் இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரில் துருக்குழி. 60 செட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், முன்பணம் மட்டும் இன்னும் கொடுக்கவில்லை. தண்ணீர் அறையைக் கழுவி, நாலாவது சிலிண்டரின் பின்சுவர் எத்தனை மி.மீ. என்று அவர்கள் சொல்லட்டும்.