சீறும் சிலந்தியா, சத்தமில்லாத சிலந்தியா?

தென் அமெரிக்காவின் கோலியாத் டரான்டுலா சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காலை விரிக்கும். சீண்டினால் கால் முடிகளை ஒன்றோடொன்று உரசி 'உஸ்ஸ்' என்று சீறும்; சில மீட்டர் தள்ளி நின்றாலும் கேட்கும். ஆனால் கடித்தால் குளவி கொட்டியது மாதிரி வலி, அவ்வளவுதான். (பின்கால்களால் வயிற்று முடியை உதறிவிடும், அது கண்ணில் பட்டால்தான் பெரும் தொல்லை.)

ஆஸ்திரேலியாவின் சிட்னி ஃபனல்வெப்போ உடல் சில சென்டிமீட்டர்தான், சீறி எச்சரிக்காது. ஆண் சிலந்தி கடித்தால் நஞ்சு நரம்புகளைத் தாக்கும்: தசை துடிக்கும், எச்சில் வழியும், மூச்சு திணறும். 13 பேர் இறந்ததாகப் பதிவு உண்டு. 1981இல் முறிமருந்து வந்தபின் சாவு எதுவும் பதிவாகவில்லை.

இரண்டில் ஒன்றோடு ஒரே அறையில் தூங்கு என்றால் நான் சீறுவதையே கேட்பேன். எந்த மூலையில் இருக்கிறது என்றாவது தெரியும்.