தாய்லாந்தா, வியட்நாமா? எந்த எண்ணை நம்புவது

பழைய பர்ஸைக் குடைந்தபோது இரண்டு நோட்டுகள் கிடைத்தன. ஒன்று தாய்லாந்தின் 1,000 பாட். இன்னொன்று வியட்நாமின் 5,00,000 டோங், கையில் வழுக்கும் பாலிமர் நோட்டு. ஐந்து லட்சம் என்று வாயைப் பிளக்க வேண்டாம். டாலருக்கு ஏறக்குறைய 25,000 டோங் என்று வைத்தால் அது 20 டாலர்தான். ஆயிரம் பாட்டோ 30 டாலருக்குப் பக்கம். சைபரை எண்ணி யார் பணக்காரர் என்று முடிவு கட்டினால் முதல் படியிலேயே சறுக்கிவிடுவோம்.

இந்த இரண்டு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது தொழில் உலகத்தில் வழக்கம்தான். அரிசி, சுற்றுலா, தொழிற்சாலை என்று எதை எடுத்தாலும் இரண்டுக்கும் போட்டி. ஒப்பிடும் பட்டியல்களும் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றில் எந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்தேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் 2024 கணக்கு.

முதலில் எல்லோரும் பார்க்கும் ஜிடிபி, அதாவது ஓர் ஆண்டில் நாட்டுக்குள் உற்பத்தியானதன் மொத்த மதிப்பு. தாய்லாந்துக்குச் சுமார் 52,600 கோடி டாலர், வியட்நாமுக்குச் சுமார் 47,600 கோடி. வியட்நாமில் பத்துக் கோடிக்கு மேல் மக்கள் இருப்பதால் தலைக்கு 4,700 டாலர்தான் வருகிறது. தாய்லாந்தில் தலைக்கு எவ்வளவு? இங்கேதான் வேடிக்கை. அந்நாட்டு அரசின் குடிப்பதிவேட்டில் இருப்பவர்கள் சுமார் 6.6 கோடி. ஐ.நா. மதிப்பீட்டிலோ 7.1 கோடிக்கு மேல். முதல் எண்ணால் வகுத்தால் 8,000 டாலருக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாவதால் வகுத்தால் 7,300. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஆனால் 600 டாலர் வித்தியாசம்.

பதிவேட்டில் பெயர் ஏறாமல், மீன் பதப்படுத்தும் கூடத்திலும் கட்டட வேலையிலும் ரப்பர் தோட்டத்திலும் உழைக்கும் மியான்மர், கம்போடியா, லாவோஸ்காரர்கள் பல லட்சம் பேர் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலை ஜிடிபியில் ஏறிவிடுகிறது, ஆள் மட்டும் கணக்கில் ஏறுவதில்லை. 2025 ஜூலையில் கம்போடியாவுடன் எல்லைச் சண்டை வெடித்ததும் லட்சக்கணக்கான கம்போடியர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அப்போதுதான் எத்தனை வேலை அவர்கள் கையில் இருந்தது என்று முதலாளிகளுக்கு உறைத்தது. வியட்நாம் இதற்கு நேர் எதிர். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ஜப்பான், தைவான், தென்கொரியா என்று வெளியே போகிறார்கள். ஒரு நாடு ஆளை வரவழைக்கிறது, இன்னொன்று அனுப்பி வைக்கிறது.

சரி, இடைவெளி எப்படி மாறியிருக்கிறது? 1990-ல் தாய்லாந்தில் தலைக்குச் சுமார் 1,500 டாலர், வியட்நாமில் சுமார் 100. பதினைந்து மடங்கு! இன்று ஒன்றரை மடங்கு. போரில் நொறுங்கி, கூட்டுப்பண்ணை முறையில் சோற்றுக்கே திண்டாடிய வியட்நாம் 1986-ல் 'தோய் மோய்' என்ற சீர்திருத்தத்தைத் தொடங்கி நிலத்தை உழவர் கையில் விட்டது. மூன்றே ஆண்டுகளில் அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகிவிட்டது. 1994-ல் அமெரிக்கத் தடை நீங்கியது, 1995-ல் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் இடம், 2007-ல் உலக வணிக அமைப்பில் இடம். தாய்லாந்துக்கும் இதே மாதிரி ஒரு காலம் இருந்தது. 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறியபோது ஜப்பானிய ஆலைகள் வரிசையாக அங்கே வந்து இறங்கின. 1997 ஜூலை 2-ல் பாட் சரிந்ததோடு அந்த ஓட்டம் நின்றது. அந்த நெருக்கடிக்குத் தங்கள் ஊர் சூப்பின் பெயரையே வைத்துவிட்டார்கள்: 'டொம் யாம் குங்'. 2024-ல் வியட்நாமின் வளர்ச்சி 7 சதவீதத்துக்குச் சற்று மேல், தாய்லாந்துடையது இரண்டரை.

இதோடு கதை முடிந்தது, வியட்நாம் ஜெயித்துவிட்டது என்று எழுதுபவர்கள் அடுத்த எண்ணைப் பார்ப்பதில்லை.

வியட்நாமின் ஏற்றுமதி 40,500 கோடி டாலர், தாய்லாந்துடையது 30,000 கோடி. ஆனால் வியட்நாமின் ஏற்றுமதியில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அந்நியக் கம்பெனிகளுடையது. தலைநகர் ஹனோய்க்கு வடக்கே பாக் நின், தாய் நுயென் மாகாணங்களில் இருக்கும் சாம்சங் ஆலைகள்தான் அந்த கம்பெனி உலகுக்கு விற்கும் போன்களில் ஏறக்குறைய பாதியைச் செய்கின்றன. சிப்பும் திரையும் பெரும்பாலும் வெளியே இருந்து வருகின்றன, இங்கே கோத்து அனுப்புகிறார்கள். கூலி வியட்நாமுக்கு, லாபம் கொரியாவுக்கு. அதுமட்டுமில்லை, ஏற்றுமதியில் முப்பது சதவீதத்துக்குப் பக்கம் அமெரிக்கா ஒன்றுக்கே போகிறது. 2025 ஏப்ரலில் டிரம்ப் 46 சதவீத வரி என்று அறிவித்ததும் ஹனோய் பதறியது அதனால்தான். பேசிப் பேசி 20-க்குக் குறைத்தார்கள். தாய்லாந்துக்கு 36 என்று ஆரம்பித்து 19-ல் நின்றது.

இன்னொரு சங்கதி. சைகோனில் (இன்றைய ஹோ சி மின் நகரம்) நடைபாதையில் குட்டி பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து 'பியா சைகோன்' பீர் குடிக்கும்போது உள்ளூர்ச் சரக்கு என்றுதான் தோன்றும். அதைத் தயாரிக்கும் சபேகோ கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்கை 2017-ல் சுமார் 480 கோடி டாலர் கொடுத்து வாங்கியது தாய்லாந்தின் மதுபானக் கம்பெனி தாய்பெவ். அதற்கு முந்தைய ஆண்டு வியட்நாமின் பிக் சி அங்காடிகளை வாங்கியதும் பாங்காக்கின் சென்ட்ரல் குழுமம்தான். மெதுவாக நகரும் தாய்லாந்தின் முதலாளிகள் வேகமாக ஓடும் பக்கத்து நாட்டில் கல்லாப்பெட்டி வைத்துவிட்டார்கள். ஜிடிபி என்பது எந்த மண்ணில் உற்பத்தியானது என்ற கணக்கு. லாபம் எந்தப் பையில் விழுந்தது என்று அது சொல்லாது.

தாய்லாந்தின் பக்கமும் ஓட்டைகள் இருக்கின்றன. வேலையின்மை ஒரு சதவீதம் என்கிறது அரசு. கேட்டால் சொர்க்கம் மாதிரி இருக்கும். வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே வேலையில் இருப்பவர் என்று எழுதிக்கொள்வதுதான் அளவுகோல். கடை போனவர் வண்டியில் மாங்காய் நறுக்கி விற்றாலும், ஊருக்குத் திரும்பி அண்ணன் வயலில் கை கொடுத்தாலும் அவர் வேலையில்லாதவர் அல்ல. உழைப்பாளர்களில் பாதிக்கு மேல் அங்கே முறைசாராத் தொழிலில்தான். வியட்நாமில் வேலையின்மை 2 சதவீதத்துக்குச் சற்று மேல், முறைசாரா வேலை அங்கே இன்னும் அதிகம். ஆகவே இந்த வரிசையை இரண்டு பக்கமும் அடித்துவிடலாம்.

அதற்குப் பதில் கடனைப் பாருங்கள். தாய்லாந்துக் குடும்பங்களின் கடன் ஜிடிபியில் தொண்ணூறு சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. பிக்கப் வண்டிதான் அங்கே சிறு வியாபாரியின் ஓடும் கடை: ஹைலக்ஸ், டி-மேக்ஸ். பழைய கடனே கட்டவில்லை என்று வங்கிகள் புதுக் கடனைத் தட்டிக் கழிக்க, 2024-ல் உள்நாட்டில் விற்ற வண்டிகள் 5.7 லட்சமாகச் சரிந்தன, பதினைந்து ஆண்டுகளில் இல்லாத வீழ்ச்சி. உற்பத்தியும் 15 லட்சத்துக்குக் கீழே போனது. அதே ஆண்டு ஜூலையில் ரயோங்கில் சீனாவின் பிஒய்டி மின்கார் ஆலையைத் திறந்தது. ஜப்பானியர் கட்டிய வீட்டில் சீனர் குடிவருகிறார்கள்.

அரசியலுக்கு வருவோம். 2021-ல் வியட்நாம் தேசியச் சட்டமன்றத் தேர்தலில் பதிவான ஓட்டு 99.6 சதவீதம். 2023-ல் தாய்லாந்தில் 75. எந்த ஜனநாயகம் உயிரோடு இருக்கிறது என்று இந்த எண்ணைக் கேட்டால் பொய் சொல்லும். வியட்நாமில் இருப்பது ஒரே கட்சி. 2024 ஜூலையில் நுயென் பூ ட்ரோங் இறந்தபின் பொதுச்செயலாளர் பதவிக்குத் தொ லாம் வந்ததும் கட்சிக்குள் முடிவானதுதான். அந்த 75 சதவீதம் பேர் மட்டும் என்ன கண்டார்கள்? 500 இடங்களில் 151 பிடித்து முதலிடம் வந்த மூவ் ஃபார்வர்டு கட்சியை, ராணுவம் நியமித்த செனட் ஆட்சி அமைக்க விடவில்லை. அடுத்த ஆண்டு நீதிமன்றம் கட்சியையே கலைத்தது. பிரதமர் ஸ்ரெத்தா தவிசினை 2024 ஆகஸ்டில் இறக்கியதும் நீதிமன்றம், அடுத்து வந்த பேட்டொங்டார்ன் ஷினவத்ராவை 2025 ஆகஸ்டில் இறக்கியதும் நீதிமன்றம். 1932-ல் முழு முடியாட்சி முடிந்ததிலிருந்து 2017 வரை இருபது அரசியல் சாசனங்கள். எழுதியதை அழிக்காமல் விட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது போல.

கையில் இருக்கும் இரண்டு நோட்டுகளையும் திருப்பிப் பார்க்கிறேன். டோங் நோட்டின் முன்பக்கம் ஹோ சி மின், பின்பக்கம் கிம் லியெனில் அவர் வாழ்ந்த ஓலைக் குடிசை. பாட் நோட்டில் மன்னர் வஜிரலோங்கோர்ன், பின்பக்கமும் மன்னர்கள்தான். இரண்டு நாட்டிலும் எல்லா மதிப்பு நோட்டிலும் ஒரே முகம். அந்த முகத்தைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேச முடியாது. தாய்லாந்தின் 112-ஆம் சட்டப்பிரிவில் ஒரு வார்த்தைக்கு 3 முதல் 15 ஆண்டு சிறை.

ஆனால் நிர்வாகம் என்று வந்தால் வியட்நாமின் வேகம் மிரட்டுகிறது. 63 மாகாணங்களை 2025 ஜூலை 1-ல் 34 ஆக்கினார்கள், மாவட்டம் என்ற அடுக்கையே எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் ஒரு தாலுகாவைப் பிரிக்க எத்தனை வருஷப் போராட்டம் நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கேட்க ஆள் இல்லாத இடத்தில் வேகம் வரத்தான் செய்யும் என்பதும் சரிதான்.

மதக் கணக்கு பட்டியல்களில் ஒரு வரியில் முடிந்துவிடும்: தாய்லாந்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பௌத்தர், வியட்நாமில் 2019 கணக்கெடுப்பின்படி 86 சதவீதம் பேருக்கு மதமே இல்லை. பிறகு சைகோன் நடுவில் ட்ரூங் தின் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். தமிழ் வணிகர்கள் விட்டுப்போன கோயில். ஆபீஸ் உடையில் வரும் வியட்நாமியப் பெண்கள் ஊதுபத்திக் கட்டை நெற்றிக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, பின்பக்கம் போய்க் கற்சுவரில் முகத்தை ஒட்டி ஏதோ முணுமுணுக்கிறார்கள். வேண்டுதலை அம்மன் காதில் போடுகிறார்களாம். இவர்களில் பெரும்பாலோர் கணக்கெடுப்பில் 'மதம் இல்லை' என்றுதான் இருப்பார்கள். பாங்காக் சீலோம் மாரியம்மன் கோயிலில் மாலையோடு நிற்கும் தாய்லாந்துக்காரர்களும் ஏட்டில் பௌத்தர்களே.

எனக்கு முக்கியமாகப் படுவது வயது. தாய்லாந்தில் ஒரு காலத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகள் பிறந்தன. மேச்சாய் வீரவைத்யா என்பவர் ஆணுறையை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கூச்சத்தை உடைத்தார். பாங்காக்கின் சுகும்வித் சாலைப் பகுதியில் அவர் தொடங்கிய உணவகத்தில் பில்லோடு மிட்டாய்க்குப் பதில் ஆணுறை தருவார்கள். பிரசாரம் அமோக வெற்றி. 2024-ல் பிறந்தவர்கள் 4.62 லட்சம், இறந்தவர்கள் 5.7 லட்சம். ஐந்தில் ஒருவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. பணக்கார நாடாகும் முன்பே கிழடு தட்டிவிட்டது.

வியட்நாம் இளசுதானே என்றால், அதுவும் அதே ரயிலில்தான் ஏறியிருக்கிறது, பின்னால் ஒரு பெட்டியில். ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.91 குழந்தை, ஹோ சி மின் நகரில் 1.39 மட்டுமே. மூன்றாவது பிள்ளை பெற்ற கட்சிக்காரர்களைத் தண்டித்துக்கொண்டிருந்த அரசு, 2025 ஜூனில் இரண்டு குழந்தை விதியையே கைவிட்டது. அங்கே 100 பெண் குழந்தைகளுக்கு 111 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. காரணம் நமக்குத் தெரியாததா?

ஆக, எந்த நாடு மேல் என்று கேட்டால் யாருக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். இருபது வயதில் வேலை தேடும் ஆளாக இருந்தால் வியட்நாம், யோசிக்கவே வேண்டாம். நோய் வந்து படுக்கும் ஏழையாக இருந்தால் தாய்லாந்து. 2002-ல் சட்டமான '30 பாட்' மருத்துவத் திட்டத்தில் சுமார் 4.7 கோடிப் பேர் இருக்கிறார்கள். அங்கே மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போவது பத்தில் ஒரு பங்கு அளவு. வியட்நாமில் காப்பீட்டு அட்டை கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிறது, ஆனாலும் நாற்பது சதவீதத்துக்குப் பக்கம் கையிலிருந்தே போகிறது. தொழில் தொடங்கப் போகிறவருக்கு இரண்டுமே கூலியில் மலிவு என்ற காலம் மலையேறிக்கொண்டிருக்கிறது.

வியட்நாமும் இப்போது தானே முதலாளியாக வெளியே போய்ப் பார்க்கிறது. அந்நாட்டு மின்கார் கம்பெனி வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட் 4-ல் தூத்துக்குடியில் ஆலை திறந்தது, ஆரம்பத்தில் ஆண்டுக்கு 50,000 மின்கார்கள் செய்யும் திறன். அங்கே கூட்டும் கார் இந்தியாவின் ஜிடிபியில் ஏறும், கூலி தூத்துக்குடிக்காரர் கைக்கு வரும். லாபம் வந்தால் அது ஹனோய்க்கு. 2024-ல் அந்த கம்பெனிக்கு 300 கோடி டாலருக்கு மேல் நட்டம்.