கப்பியா, ஃபைட்டரா: வீட்டில் முதல்முறை குஞ்சு எடுக்க எது சரி?

சென்னை கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "எதுண்ணா சீக்கிரம் குஞ்சு போடும்?" பதில் கப்பி என்று வரும். கூட வந்த பிள்ளையின் கண் மட்டும் வரிசையாக அடுக்கிய ஃபைட்டர் (பெட்டா) மீன் பாட்டில்களை விட்டு நகராது. இரண்டிலும் நான் குஞ்சு எடுத்திருக்கிறேன். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குஞ்சுக்கு முதல் வாரம் என்ன கொடுப்பீர்கள், வளர்ந்த பிறகு எங்கே வைப்பீர்கள் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

கப்பி குட்டி போடும் மீன். முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, நீந்தத் தெரிந்த குட்டியாக வெளியே வருகிறது. ஏறக்குறைய 4 வாரத்துக்கு ஒரு ஈற்று. பெண் மீனின் அடிவயிற்றில் வால் பக்கமாக ஒரு கருந்திட்டு இருக்கும். அது அகன்று கறுத்து, வயிறு சதுரமாகத் தெரிந்தால் நாள் நெருங்கிவிட்டது. வெளிர் நிறப் பெண்ணாக இருந்தால் அந்தத் திட்டுக்குள் குட்டிகளின் கண்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். டார்ச் அடித்து அதை முதன்முதலில் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

போட்ட குட்டியைத் தாயே தின்றுவிடும். அதற்குத் தொட்டியில் வேலம்பாசி என்கிற நீர்ச்செடியை அடர்த்தியாகப் போட்டால் போதும், நிறைய குட்டிகள் பிழைத்துவிடும். தூளாக நுணுக்கிய தீவனத்தை முதல் நாளே தின்னும். நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்புத்தன்மையும் கப்பிக்கு ஒத்துப்போகும்.

கப்பியில் சிரமம் பின்னால்தான் வரும். ஒருமுறை கூடினால் ஆணின் விந்தணுவைப் பெண் மாதக்கணக்கில் சேமித்து வைத்து, அடுத்தடுத்த ஈற்றுக்கும் பயன்படுத்திக்கொள்ளும். அதனால் கடையில் ஆணோடு கிடந்த பெண்ணை வாங்கி வந்து, உங்களுக்குப் பிடித்த ஆணோடு விட்டால், பிறக்கும் குட்டி எந்த ஆணுடையது என்று சொல்ல முடியாது. ஒரு நிறத்தைக் காப்பாற்ற நினைத்தால், 3 வாரத்திலிருந்தே குட்டிகளைக் கவனித்து, அடித்துடுப்பு குச்சிபோல் குறுகத் தொடங்கும் ஆண்களை உடனே பிரிக்க வேண்டும். நான் பிரிக்காமல் விட்டேன். ஒரே வருடத்தில் தொட்டி நிறைய மீன், வாங்கிய நிறம் ஒன்றில்கூட இல்லை.

ஃபைட்டர் நேர் எதிர். தாய்லாந்தின் வயல், சதுப்புகளில் ஆழமில்லாத, ஓட்டமில்லாத தண்ணீரில் வாழ்ந்த இனம். 2019-ல் அந்நாடு இதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. வீட்டிலும் அதே சூழல்தான் வேண்டும்: 10 முதல் 15 சென்டிமீட்டர் தண்ணீர், 27-28 டிகிரி வெப்பம், மேலே மிதக்க ஒரு தெர்மாகோல் துண்டு, பாதாம் மர இலை ஒன்று, மூடி. அடி வெட்டிய பாட்டிலை நடுவில் நிறுத்தி அதற்குள் பெண்ணை விட்டால், அதைப் பார்த்துக்கொண்டே ஆண் நுரைக்கூடு கட்டும். பெண் மேல் குறுக்குக் கோடுகள் தெரிந்த பிறகு திறந்துவிட வேண்டும்.

அப்புறம் நடப்பதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். ஆண் பெண்ணைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். முட்டைகள் வெள்ளை ரவை போல உதிரும். அவை தரையைத் தொடுவதற்குள் ஆண் பாய்ந்து வாயில் அள்ளி, கூட்டில் ஒவ்வொன்றாக ஒட்டும். முடிந்ததும் பெண்ணை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் கடித்தே கொன்றுவிடும். ஓரிரு நாளில் பொரிந்த குஞ்சுகள் வால் கீழே தொங்கக் கூட்டில் ஒட்டியிருக்கும். விழுகிற ஒவ்வொன்றையும் அப்பன் மறுபடி கூட்டில் கொண்டுபோய் வைக்கும்.

அடுத்த 2, 3 நாளில் குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்தத் தொடங்கும்போது ஆணையும் எடுத்துவிட வேண்டும். தீவனத்தூள் அந்த வாய்க்குள் போகாது. இன்ஃபுசோரியா என்கிற நுண்ணுயிர் தண்ணீரும், சில நாள் கழித்து ஆர்டீமியா என்கிற பொடி உப்புநீர் இறாலின் குஞ்சும்தான் வேண்டும். முதல்முறை எனக்கு இது தெரியவில்லை. முட்டை மஞ்சள்கருவைக் கரைத்து ஊற்றினேன், மறுநாள் தண்ணீர் கெட்டு நாறியது. நூற்றுக்கு மேல் இருந்தவற்றில் பதினொன்றுதான் மிஞ்சின.

பிழைத்து வளர்ந்தாலும் 2, 3 மாதத்தில் ஆண்கள் சண்டையைத் தொடங்கும். 40 ஆண் என்றால் 40 பாட்டில், நாற்பதுக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும். வேலைக்குப் போய்வருகிற வீட்டில் இது பெரிய பாரம். கப்பிக்கு 40 லிட்டர் டப் இரண்டு இருந்தால் ஓட்டிவிடலாம். ஆனால் மிஞ்சுகிறதே என்று ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். அங்கேயே பெருகி நாட்டு மீன் குஞ்சுகளின் இரையைப் பறித்துக்கொள்ளும். கடைக்காரரிடமே கொடுத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் ஆறு மாதம் கப்பி. அதற்குள் தண்ணீர் மாற்றவும் உயிர்த் தீவனம் எடுக்கவும் கை பழகிவிடும். அப்புறம் ஃபைட்டர். ஜோடி சேர்ப்பதற்கு ஒரு வாரம் முன்பே, இன்ஃபுசோரியாவுக்காகப் பழைய தொட்டித் தண்ணீரில் வாழைப்பழத் தோலைப் போட்டு ஒரு ஜாடியை ஜன்னலோரம் வைத்துவிடுங்கள். முதலில் பால்போல் கலங்கும், பிறகு மெல்லத் தெளியும். தெளிந்ததும் ஒரு சொட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தூசுபோல் ஏதாவது அசைந்தால் பெண் மீனைத் திறந்துவிடலாம்.