கறுப்பு ஒயர் நியூட்ரலா, பேஸா? மெஷின் பேனலில் மூன்று வண்ண முறைகள்

நம்மூர் பழைய பேனலைத் திறந்தால் கறுப்பு ஒயர் நியூட்ரல். பக்கத்திலேயே நிற்கும் ஜெர்மன் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷினைத் திறந்தால் அதே கறுப்பில் 400 வோல்ட் ஓடுகிறது. இரண்டையும் ஒரே ஷிப்டில் பார்க்கிற எலக்ட்ரீஷியனை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

நமது ஆர்ஒய்பி முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இது 'எந்த பேஸ்' என்று சொல்லும் முறை. மெயின் போர்டுக்கும் மோட்டார் கேபிளுக்கும் இதைவிட வசதியானது இல்லை. மோட்டார் எந்தப் பக்கம் சுற்றும் என்பதைக்கூட ஒயரைப் பார்த்தே சொல்லிவிடலாம். மெஷின் ஒயரிங்குக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60204-1, அமெரிக்கத் தரம் என்எஃப்பிஏ 79 இரண்டும் கேட்பது வேறு: இந்த ஒயருக்கு என்ன வேலை? பவர் என்றால் கறுப்பு, ஏசி கன்ட்ரோல் சிவப்பு, டிசி கன்ட்ரோல் நீலம். எந்த பேஸ் என்பதை ஒயர் முனையில் மாட்டும் ஃபெரூல் நம்பர் சொல்லிவிடும். ரிலேயும் பிஎல்சியும் (மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) நிறைந்த மெஷின் பேனலுக்கு இதுதான் சரி என்பேன்.

ஐஇசியும் என்எஃப்பிஏவும் பிரிவது நீலத்தில். ஐஇசியில் நியூட்ரல் வெளிர்நீலம், 24 வோல்ட் டிசி நீலம். ஒயர் ஓடும் டக்டுக்குள் தூசி படிந்த பிறகு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது லேசான வேலை இல்லை. அதனால் டிசிக்குக் கருநீல ஒயராகவே வாங்குங்கள். என்எஃப்பிஏ இங்கே தெளிவு: நியூட்ரல் வெள்ளை அல்லது சாம்பல், எர்த்தோடு இணைத்த டிசி ஒயர் (ஜீரோ வோல்ட்) வெள்ளையில் நீலக்கோடு. ப்ளஸ் எது, ஜீரோ வோல்ட் எது என்று பார்த்ததும் தெரியும்.

எர்த்துக்கு அமெரிக்காவில் தனிப் பச்சையும் செல்லும். ஐஇசிக்குப் பச்சை-மஞ்சள்தான், எந்த 15 மில்லிமீட்டரை எடுத்தாலும் ஒரு நிறம் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பச்சை-மஞ்சள் இரண்டு இடத்திலும் செல்லும் என்பதால் அதை மட்டும் ஸ்டாக் வைத்தால் போதும்.

ஆர்ஒய்பியில் இல்லாத ஒன்று ஆரஞ்சு. மெயின் ஐசொலேட்டரை (பேனலின் முதன்மை சுவிட்ச்) ஆஃப் செய்தாலும் உயிரோடு இருக்கும் ஒயருக்கான நிறம் அது: பேனல் விளக்கு, சர்வீஸ் சாக்கெட், பக்கத்து மெஷினிலிருந்து வரும் இன்டர்லாக் (ஒரு மெஷின் ஓடலாமா என்று இன்னொன்று சொல்லும் சிக்னல்). ஒரு ஆலையில் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டும் போட்டுவிட்டுக் கை வைத்த ஒயர்மேனுக்கு ஷாக் அடித்ததைப் பார்த்திருக்கிறேன். இன்டர்லாக் ஒயர் மற்றக் கன்ட்ரோல் ஒயர்களைப் போலவே சிவப்பில் இருந்தது. தம்பி பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து, வாடிக்கையாளர் எந்த முறை கேட்டாலும் அந்த ஒயர்களுக்கு ஆரஞ்சு போடாமல் நான் பேனலை அனுப்புவதில்லை.

அமெரிக்காவுக்குப் போகும் மெஷினுக்கு என்எஃப்பிஏ. அதில் யோசிக்க எதுவும் இல்லை. உள்ளூருக்குப் புதிதாகச் செய்வதென்றால் ஐஇசி. பழைய ஆர்ஒய்பி பேனலில் நாலு ஒயர் மாற்றுவதாக இருந்தால் பழைய நிறத்திலேயே போடுங்கள். பாதிக்குப் பாதி கலந்த பேனல்தான் எல்லாவற்றிலும் மோசம். ஆலையின் ஆர்ஒய்பி கேபிள் ஐசொலேட்டரின் மேல்முனையோடு நிற்கட்டும், அதன் கீழே ஐஇசி தொடங்கட்டும். கதவின் உள்பக்கம் வண்ண அட்டவணை ஒட்டி, முதல் வரியில் 'கறுப்பு நியூட்ரல் அல்ல' என்று தமிழில் பெரிதாக எழுதிவிடுங்கள்.