டொமைன் யார் கணக்கில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்

கைவினைப் பொருட்கள் விற்கும் எங்கள் இணையதளமும் அதோடு சேர்ந்த வலைப்பதிவும் இப்போது வேறொருவர் கையில் இருக்கின்றன. ஹேக்கர் யாரும் புகுந்துவிடவில்லை. மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு அவற்றைப் பராமரித்த டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிறுவனமேதான் பூட்டுப் போட்டிருக்கிறது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே வித்தையைச் செய்பவர்கள் பலர் இருப்பதால், அது நடந்த விதம் தெரிவதுதான் உங்களுக்குப் பயன்படும்.

தொடக்கத்தில், டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று தெளிவாகவே கேட்டோம். “உங்கள் பெயரில்தான் சார், கவலையே வேண்டாம்” என்றார்கள். பில்லும் எங்கள் பெயரில்தான் வந்தது. அவர்களுடைய பில்லுக்கும், டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராரின் பதிவேட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ரெஜிஸ்ட்ரார் கணக்கு அவர்களுடைய மின்னஞ்சலில் இருந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அவர்கள் பெயர்.

வேலை திருப்தியாக இல்லை, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகு ‘பராமரிப்பு நிலுவை’ என்று ஒரு தொகை முளைத்தது. அதுவரை யாரும் பேசாத தொகை. தர மறுத்ததும் தளம் இருந்த இடத்தில் வெற்றுப் பக்கம் வந்தது. அதைக்கூடத் தாங்கியிருக்கலாம். எங்கள் மின்னஞ்சலும் அதே டொமைனில் இயங்கியது. டொமைனுக்கு வரும் மின்னஞ்சல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவுகளை அவர்கள் மாற்றியதும் வாடிக்கையாளர் அனுப்பிய ஆர்டர்கள் எங்களுக்கு வருவது நின்றுபோனது. இன்ஸ்டாகிராம் கணக்கையாவது காப்பாற்றலாம் என்று கடவுச்சொல்லை மாற்றப் போனால், அதற்கான இணைப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் போகும் என்று திரையில் வந்தது. அதாவது, எங்கள் வீட்டுச் சாவியைத் திருடனின் விலாசத்துக்கே அனுப்பிவைப்பார்களாம்.

டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். .com போன்ற டொமைன்களில், உரிமையாளர் கேட்டால் 5 நாட்களுக்குள் ரெஜிஸ்ட்ரார் அதைத் தர வேண்டும் என்பது, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. நல்ல விதிதான். ஆனால் உரிமையாளர் என்பது பதிவேட்டில் பெயர் இருப்பவர்; பணம் கட்டியவர் அல்ல. டொமைன் தகராறுகளுக்காக 1999 முதல் இருக்கும் யுடிஆர்பி நடைமுறையும் வணிகச்சின்ன உரிமையைக் காட்டக்கூடியவர்களுக்கானது. எங்களைப் போன்ற சிறு வியாபாரிக்கு அந்த வாசல் எளிதில் திறக்காது.

ஐகானின் தேடல் பக்கத்தில் உங்கள் டொமைனைக் கொடுத்தால் ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதித் தேதி என்ன என்று தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட முடியாது. ரெஜிஸ்ட்ராரின் தளத்தில் நீங்களே உள்ளே நுழைய முடிகிறதா, அங்குள்ள மின்னஞ்சல் உங்களுடையதா, அது அந்த டொமைனைச் சாராத வேறு முகவரியா? இதுதான் சரியான சோதனை. “லாகின் விவரம் நாளைக்குத் தருகிறேன்” என்று இழுப்பவர் தரமாட்டார்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதன் ஏற்றுமதிக் கோப்பை நாங்கள் முன்பே எடுத்து வைத்திருந்ததால் கட்டுரைகள் தப்பின. படங்கள் தப்பவில்லை. அந்தக் கோப்பில் படங்களின் முகவரிதான் இருக்கும், படங்கள் இருக்காது. பழைய தளம் உயிரோடு இருந்தால்தான் அங்கிருந்து இழுக்க முடியும். படங்கள் இருக்கும் கோப்புறையைத் தனியே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபேஸ்புக் பக்கத்திலும் இதே கதைதான். முழுக் கட்டுப்பாடு அவர்களிடம் இருந்தது, எங்களை ஒரே சொடுக்கில் நீக்கிவிட்டார்கள். கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் மட்டும் திரும்பக் கிடைத்தது. அங்கே உரிமை கேட்டு விண்ணப்பித்தால் இப்போதைய உரிமையாளருக்கு 3 நாள் அவகாசம் தருகிறார்கள். அவர்கள் பதில் சொல்லாததால், சரிபார்ப்புக்குப் பிறகு எங்களுக்கு வந்தது. அவர்களுடைய அலட்சியம் ஒருமுறையாவது எங்களுக்கு உதவியது!

இப்போது புதிய டொமைன் எங்கள் சொந்தக் கணக்கில், இரட்டைச் சரிபார்ப்போடு இருக்கிறது. பழைய டொமைன் இன்னும் அவர்களிடம்தான். எங்கள் பழைய முகவரியிலிருந்து பணம் கேட்டோ, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்றோ மின்னஞ்சல் வந்தால், அதை அனுப்பியது நாங்கள் அல்ல. தயவுசெய்து பதில் போடாதீர்கள்.