கார் கதவுக் கண்ணாடி உடைந்தால்: க்ளெய்மா, கைக்காசா?

காரின் பக்கக் கண்ணாடி நொறுங்கிவிட்டால் அதை மாற்றுவதற்கான பணம் ஐந்து வழிகளில் வரலாம். நம் காருக்கு நேரும் சேதத்தையும் ஏற்கும் காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, கண்ணாடிக்கென்றே கூடுதல் பணம் கட்டி எடுத்த ஆட்-ஆன், மோதல் சேதத்துக்கான பிரிவு, உடைத்தவருடைய தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ், இவை எதுவும் சரிவராதபோது நம் கைக்காசு. "அதான் இன்ஷூரன்ஸ் இருக்கே, எதுக்குக் கையிலிருந்து போடணும்?" என்று உடனே க்ளெய்ம் போடத்தான் மனம் சொல்லும். முன்கண்ணாடிக்கு அது பெரும்பாலும் சரியான முடிவு. கதவுக் கண்ணாடிக்குப் பல நேரங்களில் அது நஷ்டம். இந்த வித்தியாசம் தெரியாமல் க்ளெய்ம் போடாததற்காக வருடக்கணக்கில் சேர்த்த போனஸை, அதாவது பிரீமியத் தள்ளுபடியை, ஒரு சின்னக் கண்ணாடிக்காக இழப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், எந்தக் கண்ணாடி?

முன்கண்ணாடி லேமினேட்டட். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டப்பட்டிருக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் எடுவார் பெனெடிக்டஸ் 1909-இல் காப்புரிமை பெற்ற உத்தியின் வழிவந்தது அது. கல் பட்டால் விரிசல் விடும், ஆனால் சிதறாது. சின்னப் புள்ளியாக இருந்தால் ரெசின் ஊற்றி, புற ஊதா ஒளியில் இறுக வைத்துச் சரிசெய்துவிடலாம். இந்த ரிப்பேர் செலவு மாற்றும் செலவைவிட மிகக் குறைவு என்பதால், டிடக்டிபிள் (ஒவ்வொரு க்ளெய்மிலும் நம் பங்காகக் கழியும் தொகை) கேட்காமலே அதைச் செய்துதரும் கம்பெனிகள் உண்டு.

கதவுக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் டெம்பர்ட். சுமார் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த ஒற்றைத் தகடு. வெளிப்பரப்பு அழுத்தத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருப்பதால் பலம் அதிகம். ஆனால் ஓர் இடத்தில் அந்தச் சமநிலை குலைந்தால் மொத்தமும் கூர்மழுங்கிய சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். இதில் ரிப்பேர் என்ற பேச்சே கிடையாது, மாற்றித்தான் ஆகவேண்டும். அதனால் "ரிப்பேருக்கு டிடக்டிபிள் இல்லை" என்று பாலிசியில் இருக்கும் வரி கதவுக் கண்ணாடிக்கு உதவாது. சில புதிய கார்களில் முன்கதவுகளிலும் லேமினேட்டட் கண்ணாடி வருகிறது. சத்தத்தைக் குறைப்பதற்கும் திருடனைத் தாமதப்படுத்துவதற்கும் அது பயன்படுகிறது. விலையும் கூடுதல். கண்ணாடியின் மூலையில் அச்சிட்டிருக்கும் முத்திரையைப் பார்த்தால் உங்களுடையது எந்த வகை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உடைந்தது எப்படி?

சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு, அவருடைய சொந்தக் கண்ணாடிக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. அந்தப் பாலிசி அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கானது. தீயும் திருட்டும் சேர்ந்த இடைநிலைப் பாலிசிகள் சில நாடுகளில் உண்டு. திருடன் உடைத்தால் அதில் பணம் வர வாய்ப்பிருக்கிறது. ஆனால் போகிற போக்கில் எவனோ கல்லெறிந்து உடைத்தால் அதே பாலிசி கைவிரித்துவிடும். உடைந்த கண்ணாடி ஒன்றேதான், காரணம் மாறினால் பதிலும் மாறுகிறது.

காம்ப்ரிஹென்சிவ் எடுத்தவர்களுக்குத் திருட்டு முயற்சி, விஷமம், ஆலங்கட்டி மழை, மரக்கிளை, பறந்துவந்த கல் எல்லாம் பொதுவாக அடங்கும். மோதலை இதிலிருந்து பிரித்துத் தனிப் பிரிவாக விற்கும் நாடுகளில் மட்டும் கவனம் தேவை. நாம் போய்க் கம்பத்தில் இடித்துக் கண்ணாடி உடைந்தால் அது மோதல் பிரிவுக்குப் போகும். அங்கே டிடக்டிபிள் பெரும்பாலும் அதிகம். மோதலில் கதவும் நசுங்கியிருந்தால் கண்ணாடியைத் தனியாகப் பிரித்து யோசிப்பதில் பொருளில்லை. மொத்த பில்லும் ஒரே க்ளெய்மில்தான் போகவேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

காம்ப்ரிஹென்சிவ் க்ளெய்மா, கைக்காசா என்பதுதான் பெரும்பாலோருக்கு முன்னால் நிற்கும் உண்மையான போட்டி. இதைத் தீர்மானிப்பவை மூன்று எண்கள். கண்ணாடி பில், டிடக்டிபிள், நோ க்ளெய்ம் போனஸில் நாம் இழக்கப்போகும் தொகை. முதல் இரண்டையும் எல்லோரும் பார்க்கிறார்கள். மூன்றாவதைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களும் அடுத்த ஒரு வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம். கதவுக் கண்ணாடி பில் 100. டிடக்டிபிள் 40. க்ளெய்ம் போட்டால் கம்பெனி தருவது 60. தள்ளுபடிக்கு முந்தைய ஆண்டு பிரீமியம் 400 என்றும், க்ளெய்ம் இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படியேறும் என்றும், ஒரு க்ளெய்ம் போட்டால் மொத்தமும் பூஜ்யத்துக்கு இறங்கும் என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் இப்போது 25-இல் இருக்கிறீர்கள். க்ளெய்ம் போடாவிட்டால் அடுத்த ஆண்டு 35 சதவீதம் தள்ளுபடி போக 260 கட்டுவீர்கள். போட்டால் 400. முதல் ஆண்டு இழப்பே 140. இரண்டாம் ஆண்டு 220 கட்ட வேண்டிய இடத்தில் 320. மூன்றாம் ஆண்டு 200-க்குப் பதில் 300. நான்காம் ஆண்டு 200-க்குப் பதில் 260. ஐந்தாம் ஆண்டு 200-க்குப் பதில் 220. ஆறாம் ஆண்டில்தான் இரண்டு பாதைகளும் ஒன்றுசேர்கின்றன. கூட்டினால் 420. அறுபதை வாங்குவதற்காக நானூற்று இருபதை விட்டிருக்கிறோம்.

இதே எண்களை வைத்துக்கொண்டு, கேமரா பொருத்திய முன்கண்ணாடி உடைந்து பில் 1000 வருகிறது என்று பாருங்கள். கம்பெனி தருவது 960, போனஸ் இழப்பு அதே 420. இப்போது க்ளெய்ம்தான் லாபம். முன்கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னாலிருக்கும் ஓட்டுநர் உதவிக் கேமராவை மறுபடி காலிபரேட் செய்ய, அதாவது துல்லியமாகப் பார்க்கும்படி சரிப்படுத்த, வேண்டியிருக்கும். அந்தக் கூலியும் பில்லில் ஏறும். சாதாரணக் கதவுக் கண்ணாடிக்கு அந்தச் செலவு இல்லை. இரண்டு கண்ணாடிகளுக்கும் முடிவு வேறுபடுவது இதனால்தான். இந்த உதாரணத்தில் எல்லைக்கோடு, போனஸ் இழப்பு 420-உம் டிடக்டிபிள் 40-உம் சேர்ந்த 460. பில் அதற்குக் கீழே என்றால் கைக்காசு, மேலே என்றால் க்ளெய்ம். உங்கள் பாலிசியின் எண்களைப் போட்டு உங்களுக்கான எல்லைக்கோட்டை ஒரு தாளில் கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடி உடையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கணக்கை மாற்றும் சூழ்நிலைகளும் உண்டு. போனஸே இல்லாத புதிய பாலிசி என்றால் இழக்க இருப்பது குறைவு. அதே பாலிசி ஆண்டில் ஏற்கெனவே ஒரு க்ளெய்ம் போயிருந்தால் போனஸ் போனது போனதுதான். இரண்டாவது க்ளெய்மில் டிடக்டிபிள் மட்டுமே கூடுதல் செலவு, தாராளமாகப் போடலாம். போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் வைத்திருந்தால் அது எத்தனை க்ளெய்ம்வரை தாங்கும் என்று பாருங்கள். சின்னக் கண்ணாடிக்கு அந்த வாய்ப்பைச் செலவழித்துவிட்டு, நாளை பெரிய விபத்தில் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. போனஸ் முறையே இல்லாமல் க்ளெய்ம் வரலாற்றைப் பார்த்து பிரீமியம் போடும் நாடுகளில், நம் தப்பு இல்லாத ஒற்றைக் கண்ணாடி க்ளெய்மின் பாதிப்பு மிதமாகவே இருக்கும். அடுத்தடுத்துப் போட்டால் அப்படியிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

கண்ணாடி ஆட்-ஆன்

டிடக்டிபிள் இல்லாமல், போனஸையும் தொடாமல் கண்ணாடியை மாற்றித்தரும் ஆட்-ஆன்கள் பல நாடுகளில் கிடைக்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாங்குமுன் அதில் எந்தக் கண்ணாடி அடக்கம் என்று படிக்க வேண்டும். முன்கண்ணாடியை மட்டும் ஏற்பவை உண்டு, கதவுக் கண்ணாடியையும் சேர்ப்பவை உண்டு, சன்ரூஃபை மட்டும் வெளியே தள்ளுபவையும் உண்டு. சட்டங்களிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் காம்ப்ரிஹென்சிவ் எடுத்தவரிடம் முன்கண்ணாடிக்கு டிடக்டிபிள் வாங்கக் கூடாது என்று சட்டம். ஆனால் அது கதவுக் கண்ணாடிக்குப் பொருந்தாது. கென்டக்கி மாநிலச் சட்டமோ கதவு, ஜன்னல் கண்ணாடிகளையும் சேர்த்தே சொல்கிறது.

என் அபிப்பிராயம் இது. ஜல்லி லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் தினமும் போகிறவர், தெருவில் காரை நிறுத்துகிறவர், கேமரா, மழை சென்சார் என்று எல்லாம் வைத்த முன்கண்ணாடிக்குச் சொந்தக்காரர் ஆகியோருக்கு இந்த ஆட்-ஆன் தகும். பழைய கார், மூடிய கராஜ், சாதாரணக் கண்ணாடி என்றால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துவது மேல்.

உடைத்தவரிடம் வாங்குவது

காகிதத்தில் இதுவே சிறந்த வழி. டிடக்டிபிள் கிடையாது, பொதுவாக நம் போனஸுக்கும் பாதிப்பில்லை, முழுச் செலவும் எதிர்த்தரப்பின் பாலிசியிலிருந்து வரும். நடைமுறையில் நிரூபிக்கும் சுமை நம் தலையில். பின்னால் வந்து இடித்தவர் நின்று பேசினால், வண்டி எண்ணும் படமும் சாட்சியும் கையில் இருந்தால் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னே போன லாரியின் டயர் சாலையில் கிடந்த கல்லைத் தெறிக்கவிட்டது என்றால் லாரிக்காரரின் தவறு என்று நிலைநாட்டுவது மிகக் கடினம். மூடாமல் ஏற்றிய சரக்கிலிருந்து கல் விழுந்தது என்றால் கை கொஞ்சம் ஓங்கும், அதற்கும் டேஷ்கேம் (காருக்குள் பொருத்திய கேமரா) பதிவு இருந்தால்தான். எதிர்த்தரப்பு இழுத்தடித்தால் நம் பாலிசியில் க்ளெய்ம் போட்டுவிடலாம். நம் கம்பெனி அவர்களிடம் வசூலித்துக்கொள்ளும், டிடக்டிபிள்கூடத் திரும்பிவரலாம்.

க்ளெய்ம் என்று முடிவானால்

கண்ணாடியை மாற்றிவிட்டு பில்லைக் கொண்டுபோய் நீட்டுவதுதான் க்ளெய்ம் நிராகரிக்கப்படும் சுலபமான வழி. முதலில் படம் எடுங்கள், திருட்டோ விஷமமோ என்றால் போலீசில் புகார் கொடுங்கள், கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரோ அவர்களுடைய ஆப்போ சேதத்தைப் பதிவு செய்த பிறகு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். அதுவரை மழை உள்ளே போகாமல் தடித்த பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைக்கலாம். தடுத்திருக்கக்கூடிய சேதத்தைத் தடுக்காமல் விட்டால் அதைக் கழிக்கும் உரிமை கம்பெனிக்கு உண்டு.

கம்பெனியோடு ஒப்பந்தமுள்ள ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸாக மாற்றினால் நம் பங்கை மட்டும் கட்டினால் போதும். வெளியில் மாற்றினால் முழுதும் கட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டும், ஒத்துக்கொள்ளும் தொகைக்கு உச்சவரம்பும் இருக்கலாம். எஸ்டிமேட்டை வரி வரியாகப் பாருங்கள். டெம்பர்ட் கண்ணாடி உடைந்தால் பாதித் துண்டுகள் கதவுக்குள் விழுந்திருக்கும். கதவின் உள்பேனலைக் கழற்றி வாக்குவம் போடாவிட்டால் புதிய கண்ணாடியில் கீறல் விழும், கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டர் திணறும், தண்ணீர் வடியும் துளை அடைபடும். சுத்தம் செய்யும் கூலியும் சேதமான ரப்பர் பீடிங்கும் எஸ்டிமேட்டில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். ரப்பருக்குத் தேய்மானம் கழிப்பது வழக்கம். தேய்மானமில்லா ஆட்-ஆன் இருந்தால் அந்தக் கழிவு விழாது.

ஒரிஜினல் கண்ணாடியா, மாற்றுச் சந்தைக் கண்ணாடியா? சாதாரணக் கதவுக் கண்ணாடிக்கு நான் சண்டை போடமாட்டேன். செயின்ட் கோபெய்ன், ஏஜிசி, ஃபுயாவ் போன்றவை கார் கம்பெனிகளுக்கும் கண்ணாடி தருகின்றன, மாற்றுச் சந்தையிலும் விற்கின்றன. தரமுத்திரையும் சாயலும் பொருந்தினால் போதும். வேகத்தையும் வழியையும் கண்ணாடியிலேயே காட்டும் வசதி உள்ள முன்கண்ணாடியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பிம்பம் இரட்டையாகத் தெரியாமலிருக்க அதன் நடுப்படலத்தை ஆப்புபோல மேலிருந்து கீழ் கனம் மாற்றிச் செய்கிறார்கள். சாதாரணக் கண்ணாடியில் அது இருக்காது.

கார் பாலிசியில் பொதுவாக வராதவை

பவர் விண்டோ மோட்டார் பழுதாகிக் கண்ணாடி கதவுக்குள் இறங்கிவிட்டால் அது தேய்மானம், விபத்து இல்லை. உடைத்த கண்ணாடி வழியே போன லேப்டாப்பும் கைப்பையும் கார் பாலிசியில் பொதுவாகச் சேராது, வீட்டுக் காப்பீட்டில் கேட்டுப் பார்க்கலாம். கார் வாங்கிய பிறகு ஒட்டிய சன் ஃபிலிமை முன்கூட்டியே பாலிசியில் சேர்க்கவில்லை என்றால் அதற்கும் பணமில்லை.

வாடகைக் காரில் போகிறவர்களுக்கு ஒன்று. கார் சேதமானால் நாம் கட்ட வேண்டியதைக் குறைப்பதற்காகக் கவுன்டரில் வாங்கும் மோதல் விலக்குத் திட்டங்கள் பலவற்றில் கண்ணாடியும் டயரும் சேராது. அவற்றுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். நீங்கள் பணம் கட்டும் கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பில் கண்ணாடி சேர்ந்திருந்தால் அந்தத் தனிப் பாதுகாப்பை வாங்க வேண்டியதில்லை. சேரவில்லை என்றால், கார் இரவில் தெருவில் நிற்கப் போகிற பயணத்துக்கு மட்டும் வாங்குங்கள்.